"ஃபோகஸ் போர்டு மாத்தியாச்சுண்ணே": டி700 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மதுரைப் பக்கம் கல்யாண ஃபோட்டோ வேலை பார்க்கிற நம்மில் பலரிடம் நிக்கான் டி700 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2008-ல் வந்த கேமரா, 12 மெகாபிக்சல்தான். ஆனாலும் மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் அது தோல் நிறத்தை எடுக்கிற விதத்துக்காகவே விற்க மனசு வராது. அந்தக் கேமராவை சர்வீஸுக்குக் கொடுத்து ரூ.7,500 ஏமாந்த கதையை எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்து அந்த ஒரு கடையைத் தவிர்த்தாலும் போதாது, இந்த வேலையை எந்தக் கடையிலும் பண்ண முடியும்.

கோளாறு இதுதான். மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் பாயின்ட்டை வைத்து, அபெர்ச்சரை (லென்ஸின் துவாரம்) அகலத் திறந்து எஃப்/2.8-ல் எடுத்தால் மூக்குத்தி பளிச்சென்று இருக்கும், கண் சாஃப்டாக இருக்கும். ஜோடியாக நிற்க வைத்து எடுத்தால் முன்னால் இருக்கிற குத்துவிளக்கு ஷார்ப், பொண்ணும் மாப்பிள்ளையும் அவுட். எப்போதுமே முன்பக்கம்தான் விழுந்தது. 24-70 ஜூம் லென்ஸ் போட்டாலும் அப்படித்தான், 85 எஃப்/1.8டி லென்ஸ் போட்டாலும் அப்படித்தான்.

இரண்டு லென்ஸிலும் ஒரே மாதிரி என்பது முக்கியமான தடயம். 24-70-க்குள் சொந்த மோட்டார் இருக்கிறது. 85டி-க்கு மோட்டாரே கிடையாது, கேமரா பாடிக்குள் இருக்கிற மோட்டார்தான் அதைச் சுற்றும். இரண்டும் ஒரே பக்கமாகத் தப்பினால் மோட்டார் மேல் பழி போட முடியாது. அப்புறம் ட்ரைபாடில் மாட்டி லைவ் வியூவில், அதாவது பின்பக்க ஸ்கிரீனில் பார்த்தபடி, எடுத்துப் பார்த்தேன். டி700-ல் லைவ் வியூ இரண்டு வகை. ஹேண்ட்-ஹெல்ட் வகையில் வழக்கமான ஃபோகஸ் சென்சார்தான் வேலை செய்யும், அதனால் அது இந்தச் சோதனைக்கு உதவாது. ட்ரைபாட் வகையில் வைத்து ஏஎஃப்-ஆன் பட்டனை அழுத்தினால், படம் பிடிக்கிற சென்சாரே ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும். அப்படி எடுத்த படத்தில் கண் இமை முடியை எண்ணலாம்.

அப்படியென்றால் லென்ஸ் நன்றாக இருக்கிறது, பட சென்சாரும் நன்றாக இருக்கிறது, வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல்) வழி ஃபோகஸில்தான் தப்பு. அந்த வழி எப்படிப் போகிறது என்றால், பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் வெளிச்சத்தை உள்ளே விடும். அதன் முதுகில் ஒட்டியிருக்கிற குட்டிக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைக் கீழே திருப்பி, அடியில் இருக்கிற ஃபோகஸ் மாட்யூலுக்கு அனுப்பும். 51 பாயின்ட்டும் அங்கேதான். குட்டிக் கண்ணாடி ஒரு மயிரிழை இடம் மாறினாலும், மாட்யூலின் ஜன்னலில் அழுக்கு படிந்தாலும் ஃபோகஸ் தப்பும்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கேமராக்களை சர்வீஸுக்குக் கொடுக்கிற மாதம் அது. நானும் அப்போதுதான் கொடுத்தேன். சோதித்த எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரத் தம்பி ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், "ஃபோகஸ் போர்டு போயிருச்சுண்ணே. மாத்தணும். 7,500 ஆகும்" என்றார். சரி என்று விட்டு வந்தேன். திரும்ப வாங்கும்போது, ஃபிளாஷ் போட்டு சுவர்க் காலண்டரைப் படம் எடுத்து, ஸ்கிரீனில் பெரிதாக்கிக் காட்டினார். எழுத்தெல்லாம் வெட்டி வைத்த மாதிரி இருந்தது. "பாருங்கண்ணே, புதுசு மாதிரி ஆயிருச்சு." கையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் "ஃபோகஸ் போர்டு சேஞ்ச்" என்று மட்டும்.

ஆவணியில் முதல் முகூர்த்தம் திருப்பரங்குன்றத்தில். காலையில் 24-70 ஓரளவு சரியாகத் தெரிந்தது. மாலை மாற்றும் நேரம் 85-க்கு மாறினேன். மறுபடியும் மூக்குத்திதான் ஷார்ப். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வருகிற நேரம் அது. இன்னொரு பாடி கையில் இருந்ததால் வேலை தப்பித்தது.

மண்டபத்திலேயே உட்கார்ந்து மெனுவைத் திறந்தேன். செட்டப் மெனுவில் ஏஎஃப் ஃபைன் ட்யூன் என்று ஒன்று உண்டு. லென்ஸுக்கும் பாடிக்கும் சின்னப் பொருத்தக் குறை இருந்தால் சரிசெய்ய நிக்கானே வைத்திருக்கிற வசதி. மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை போகும். பிளஸ் வைத்தால் ஃபோகஸ் பின்னால் தள்ளும். நான் அதை ஆன் பண்ணியதே கிடையாது. இப்போது ஆனில் இருந்தது. 24-70-க்கு நேராக +18. கொடுத்த லென்ஸ் அது ஒன்றுதான், அதனால் அதற்கு மட்டும்! காலண்டர் படத்தின் விவரங்களையும் பார்த்தேன்: எஃப்/8, 24 மில்லிமீட்டர். அவ்வளவு சின்ன அபெர்ச்சரில், அவ்வளவு அகலக் காட்சியில், கொஞ்சம் தப்பிய ஃபோகஸும் ஷார்ப்பாகத்தான் தெரியும். தொழில் தெரிந்தவர் தெரிந்தே செய்த வேலை இது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் போய்க் கேட்டேன். "என்ன தம்பி, மெனுவுல 18 வச்சிருக்கீங்க?"

"போர்டு மாத்துனா கேலிப்ரேஷன் பண்ணணும்லண்ணே."

"பழைய போர்டு எங்க?"

"அது கம்பெனிக்கு ரிட்டர்ன் போயிருச்சுண்ணே."

அவர் கண்ணெதிரே ஃபைன் ட்யூனை ஆஃப் பண்ணி எஃப்/2.8-ல் எடுத்தேன். கொடுக்கும்போது எப்படித் தப்பியதோ அதே அளவு தப்பியது. ஆயிரம் ரூபாய் திருப்பித் தருகிறேன் என்றார். வாங்கவில்லை.

ஃபிலிம் காலத்திலிருந்து ரிப்பேர் பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பார்த்தது அடிமூடியின் திருகுகளைத்தான். பூதக்கண்ணாடி வைத்து எனக்கும் காட்டினார். திருகுத் தலையின் பள்ளத்தில் பல வருஷத்து அழுக்கு கெட்டியாக உறைந்து கிடந்தது. ஸ்க்ரூடிரைவர் ஒரு தடவை இறங்கியிருந்தாலும் அது உதிர்ந்திருக்கும். "இத யாரும் தொறக்கவே இல்லப்பா" என்றார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, குட்டிக் கண்ணாடி போய் முட்டி நிற்கிற சின்ன முளையைக் காட்டினார். ஏதோ இடியில் அது லேசாகத் திரும்பியிருந்தது. அதைச் சரிசெய்து, மாட்யூல் ஜன்னலைத் துடைத்து, இரண்டு லென்ஸையும் எஃப்/2.8-ல் பக்கத்திலும் தூரத்திலும் சோதித்து, ஃபைன் ட்யூன் ஆஃபில் இருக்கும்போதே சரியாக வருவதைக் காட்டினார். ரூ.1,800 வாங்கிக்கொண்டார், பில்லும் கொடுத்தார்.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே கொஞ்சம் பாருங்கள். பாடியின் முன்பக்க எம்-சி-எஸ் லீவர் எம்-முக்கு (கையால் ஃபோகஸ் பண்ணுவது) நகர்ந்திருக்கலாம். ஏஎஃப்-ஆன் பட்டனில் மட்டும் ஃபோகஸ் ஆகும்படி யாராவது செட் பண்ணியிருந்தால் ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஒன்றுமே நடக்காது, கேமரா செத்துவிட்டது என்று பயப்படுவோம். சி (தொடர் ஃபோகஸ்) வைத்திருந்தால் ஃபோகஸ் ஆகாமலே கிளிக் ஆகும், கம்பெனி செட்டிங்கே அதுதான். லென்ஸின் பின்பக்க உலோகக் காண்டாக்டுகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அப்புறம் தீப்பெட்டிகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சாய்வு வரிசையில் நிறுத்தி, நடுப்பெட்டியில் நடுப் பாயின்ட்டை வைத்து, ட்ரைபாடில், முழு அபெர்ச்சரில் (துவாரத்தை முழுதாகத் திறந்து) எடுங்கள். வியூஃபைண்டரில் ஒன்று, லைவ் வியூவில் ஒன்று. இரண்டையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

கொடுக்கும் முன் ஃபைன் ட்யூன் மெனுவை போனில் படம் பிடித்து வையுங்கள். கேமராவில் ஒரு படம் எடுத்து அந்தக் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். நிக்கான் கோப்பிலேயே ஷட்டர் எண்ணிக்கையும் (இதுவரை எத்தனை கிளிக் என்பது) பாடி சீரியல் எண்ணும் பதிவாகும். திரும்ப வாங்கியதும் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால், உங்கள் கேமரா வேறு வேலைக்குப் போய் வந்ததா என்பதும் தெரிந்துவிடும். இவ்வளவு பழைய மாடலுக்குப் புதுப் பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மாற்றினேன் என்று சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். டெலிவரி நேரத்தில் அவர்களை எடுக்க விடாதீர்கள். நீங்களே, உங்கள் இன்னொரு லென்ஸில், ஃபிளாஷ் இல்லாமல், முழு அபெர்ச்சரில் எடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டு, பெரியவர் தந்த பில், +18 காட்டும் மெனுவின் படம், எஃப்/8 காலண்டர் கோப்பு எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆடியில் இதே மாதிரி "ஃபோகஸ் போர்டு" என்று பணம் கட்டியவர்கள் இன்றைக்கே அந்த மெனுவைத் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு லென்ஸுக்கு நேராக நீங்கள் வைக்காத எண் இருந்தால், அழிக்காமல் படம் பிடித்து எனக்குச் சொல்லுங்கள்.