சப்ஃபோல்டர் எண்ணிக்கை: பிராப்பர்ட்டீஸா, கமாண்ட் பிராம்ப்ட்டா, விண்டிர்ஸ்டாட்டா?

வீட்டுப் புகைப்படங்கள் மொத்தத்தையும் புது எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றியபோது, பழைய டிஸ்க்கைத் துடைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஃபோல்டர் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. விண்டோஸில் இதற்கு வழிகள் பல. முக்கியமான மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கில் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் விண்டிர்ஸ்டாட் மென்பொருளைத்தான் பிடித்துக்கொண்டேன்.

எக்ஸ்ப்ளோரரின் அடியில் தெரியும் 'ஐட்டம்ஸ்' எண்ணை நம்பி இறங்க வேண்டாம். அதில் ஃபைலும் ஃபோல்டரும் கலந்திருக்கும், அதுவும் முதல் அடுக்கு மட்டும்.

பிராப்பர்ட்டீஸ் எல்லோருக்கும் தெரிந்ததே. ரைட் கிளிக் செய்தால் 'கன்டெய்ன்ஸ்' வரியில் ஃபைல் தனி, ஃபோல்டர் தனி. எத்தனை அடுக்கு கீழே இருந்தாலும் எண்ணிவிடும், நாம் தேர்ந்த ஃபோல்டரைக் கணக்கில் சேர்க்காது. எண் ஏறிக்கொண்டே போகும், அது நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மொத்த எண் ஒன்று மட்டும் தேவையென்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டில், ஃபோல்டருக்குள் இருப்பதைப் பட்டியலிடும் 'டிர்' (dir) கட்டளையோடு, உள்ளடுக்குகளையும் சேர்க்கச் சொல்லும் /எஸ் (/s) சேர்த்தால் கடைசியில் ஒரு மொத்தம் வரும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று அந்த ஃபோல்டரையே குறிக்கும், மற்றது அதன் மேலடுக்கை. இவையும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். காலி ஃபோல்டரில் ஓட்டினாலே 2 என்று காட்டும். 40 சப்ஃபோல்டர் இருந்தால் 122 காட்டும். இரண்டைக் கழித்து மூன்றால் வகுத்தால்தான் சரியான கணக்கு. விண்டோஸின் இன்னொரு கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கட்டளையோடு 'ஃபோர்ஸ்' (-Force) சேர்க்காவிட்டால் மறைக்கப்பட்ட ஃபோல்டர்கள் விடுபட்டுப்போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காப்பியைச் சரிபார்க்க எண் தெரிந்தால் மட்டும் போதாது. எண் இடித்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிய வேண்டும். என் டிஸ்க்குகளில் மொத்த அளவு ஒன்றுதான், ஃபைல் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஃபோல்டர் மட்டும் ஒரு பக்கம் 137, மறுபக்கம் 131. பிராப்பர்ட்டீஸை வைத்து அந்த ஆறைத் தேடுவதென்றால் ஒவ்வொரு வருஷத்து ஃபோல்டரையும் தனித்தனியாக ரைட் கிளிக் செய்ய வேண்டும். விண்டிர்ஸ்டாட்டில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நேரே அதற்குள் எத்தனை சப்ஃபோல்டர் என்று ஒரு பத்தியே இருக்கிறது. இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். 2014-க்கு நேரே இரண்டிலும் 22. 2016-க்கு நேரே இங்கே 19, அங்கே 13. அந்தக் கிளையை மட்டும் விரித்தால் போதுமாக இருந்தது.

விடுபட்ட ஆறும் காலி ஃபோல்டர்கள். விண்டோஸின் காப்பி கட்டளையான ரோபோகாப்பிக்கு /எஸ் கொடுத்தால் காலி ஃபோல்டர்களைத் தாண்டிப் போய்விடும், /இ கொடுத்தால்தான் அவற்றையும் எடுக்கும். காலி போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. இனிமேல் ஸ்கேன் செய்ய வேண்டிய பழைய ஆல்பங்களுக்காக ஊர், வருஷம், விசேஷம் என்று பெயரிட்டு வைத்தவை அவை. எந்த ஆல்பம் பாக்கி என்பதற்கு அந்தப் பெயர்களைத் தவிர வேறு குறிப்பு கிடையாது. ஃபைல் அளவை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இந்த இழப்பு கண்ணில் பட்டிருக்காது.

விண்டிர்ஸ்டாட் இலவசம், திறமூல மென்பொருள். முழு டிரைவையும் அலச விட்டால் நேரம் பிடிக்கும். வேண்டிய ஃபோல்டரை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த ஜன்னலிலிருந்தே ஃபைலை அழிக்கவும் முடியும் என்பதால் டெலீட் பட்டன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் சொன்னதெல்லாம் யுஎஸ்பியில் செருகிய டிஸ்க்குகளை வைத்துத்தான். நெட்வொர்க் டிரைவில் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. புது மென்பொருள் நிறுவ அனுமதியில்லாத அலுவலகக் கணினி என்றால், முதல் அடுக்கு ஃபோல்டர்களை மட்டும் ஒவ்வொன்றாக பிராப்பர்ட்டீஸில் பார்த்து எண்களைத் தாளில் இரண்டு பத்தியாக எழுதிக்கொள்ளலாம். வேலை கூடுதல்தான், ஆனால் எந்தக் கிளையில் குறைகிறது என்பது அதிலும் தெரிந்துவிடும்.