வறண்ட வெயிலில் செங்கல் கட்ட: ஊறிய சுண்ணாம்பா, நீரில் இறுகும் சுண்ணாம்பா?

ஊறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். அதற்கு ஈரமும் வேண்டும். ஈரம் சீக்கிரம் போய்விட்டால் இறுகுவது நின்று, சாந்து நகத்தால் சுரண்டினாலே உதிரும். உலர்ந்ததை இறுகியதாக நினைப்பதுதான் வழக்கமான தவறு. 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு சொரசொரப்பான மணல் போதும். மீந்த கலவையைக் காற்றுப் புகாமல் மூடினால் வாரக்கணக்கில் கெடாது. பிசைந்து மறுபடி பயன்படுத்தலாம்.

நீரில் இறுகும் வகை (என்எச்எல் 3.5 என்று விற்கும் இயற்கை நீர்-இறுகு சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 2.5 பங்கு) தண்ணீரோடு வினைபுரிந்து முதலில் இறுகுவதால் வெயிலை ஓரளவு தாங்கும். ஆனால் கலந்த அன்றே தீர்க்க வேண்டும். கெட்டிப்பட்டதில் தண்ணீர் ஊற்றி இளக்கினால் வலு போய்விடும். சிறு சிறு கலவையாகப் போடுங்கள்.

எதுவானாலும் செங்கலை முன்பே நனையுங்கள். மேலே நீர் மினுங்கக் கூடாது. காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. கட்டிய சுவரின் மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, நாளுக்கு 3, 4 முறை பனிபோலத் தெளியுங்கள். நீரில் இறுகும் வகைக்கு ஒரு வாரம்; ஊறிய சுண்ணாம்புக்கு இன்னும் அதிகம்.

30 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில், ஆள் நின்று நனைக்க முடியாவிட்டால், இரண்டாவதே என் தேர்வு. கல் மிக மென்மையானால் மட்டும் முதலாவது.