கேள்விக் கார்டுப் பெட்டி: வாங்கலாமா?

“எங்கள் துறைக்கும் ஒரு செட் வாங்கலாமா?” என்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கார்டு எடுத்துப் பதில் சொல்லும் விளையாட்டு எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். புது மாணவர் பேட்ச் வரும்போதெல்லாம், அவர்கள் ஒருவரோடொருவர் பழக, நான் இந்தப் பெட்டியைத்தான் எடுக்கிறேன். அட்டை கெட்டியானது, இன்னும் ஓரம் மடங்கவில்லை. கேள்விகளும் யோசித்து எழுதியவை.

எரிச்சல் ஒன்றே ஒன்று. விதிமுறைத் தாளின் முதல் வரியே ‘கார்டுகளை நன்றாகக் கலைத்துக்கொள்ளவும்’ என்கிறது. இதை எழுதியவர் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாத மாணவர்கள் நடுவே ஒரு நாளாவது உட்கார்ந்திருப்பாரா? இதை நான் எடுத்துப்போன முதல் வகுப்பில் முதல் ஆளுக்கு வந்தது: ‘எல்லோரும் உன்னை ஒதுக்கிவிட்டதாக எப்போது தோன்றியது?’ அந்தப் பையன் கார்டைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் வேறு கேள்வி இருக்குமோ என்று. “அப்படி எதுவும் இல்லை சார்” என்றான். அடுத்தவளுக்குப் ‘பிடித்த நிறம் எது?’ அவள் “பச்சை” என்றாள். அவ்வளவுதான், அந்தச் சுற்று படுத்துவிட்டது.

இத்தனைக்கும் லேசான கேள்வியில் தொடங்கித்தான் கனமானதற்குப் போக வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத விஷயமல்ல. உளவியலாளர் ஆர்தர் ஆரோனும் குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் முன்பின் தெரியாத மாணவர்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து 36 கேள்விகள் கொடுத்தார்கள். பகுதிக்கு 12 கேள்வி வீதம் மூன்று பகுதி, மொத்தம் 45 நிமிடம். போகப்போகக் கேள்விகள் ஆழமாகும். மேலோட்டமாகப் பேசிய ஜோடிகளைவிட இவர்கள் அதிக நெருக்கம் உணர்ந்தார்கள். அந்தத் திட்டமே படிப்படியாக ஏறுவதுதான். இந்தப் பெட்டிக்காரர்கள் படிகளைக் கழற்றிக் குலுக்கிக் கையில் கொடுக்கிறார்கள்.

சரி என்று நானே மூலையில் பென்சிலால் புள்ளி வைத்தேன். லேசான கேள்விக்கு ஒன்று, கனமானதற்கு மூன்று. சூட்சுமத்தைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள், ஒற்றைப் புள்ளிக் கார்டுக்கு அடிபிடி.

ஆனால் நான் எதிர்பார்க்காதது நடந்ததும் அந்த ஒற்றைப் புள்ளியில்தான். ‘உனக்கு இந்தப் பெயரை வைத்தது யார்?’ வாயே திறக்காத ஒரு பெண், தன் பெயருக்காக அப்பா வீட்டாரும் அம்மா வீட்டாரும் முறைத்துக்கொண்ட கதையைச் சொன்னாள். பதிவில் ஒரு பெயர், வீட்டில் இன்னொரு பெயராம். “அப்புறம்?” என்று இரண்டு பேர் கேட்டார்கள். எந்தக் கார்டிலும் இல்லாத அந்தக் கேள்விக்குப் பிறகு யாரும் கார்டுக் கட்டைப் பார்க்கவில்லை. மறுவாரம் அவளை வீட்டுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

மூன்று புள்ளிக் கார்டுகள் மோசம் என்று சொல்லவில்லை. ஓரளவு பழகிய பிறகு அவர்களே கேட்டு வாங்குகிறார்கள். ‘பாஸ்’ சொல்ல உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அது விதிமுறைத் தாளில் கிடையாது. ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு திரியும் நண்பர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவிட்டால் எந்தக் கார்டும் உதவாது.

இப்போது புதுப் பதிப்பு வந்திருக்கிறது. பெட்டிக்குப் புது நிறம் கொடுத்திருக்கிறார்கள். கார்டுகளின் முதுகு எல்லாம் இன்னும் அதே ஒரே நீலம். மூன்று நிறக் கோடு போட அப்படி என்ன செலவாகிவிடும்?

வாங்க வேண்டாம் என்று அந்த ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். “அப்படியென்றால் உங்களுடையதைக் கொடுங்களேன்” என்றார். தர மாட்டேன். அடுத்த பேட்ச் வருகிறது.