கிரேஞ்சா, கூட்டமைப்பா, மக்கள் கட்சியா: அமெரிக்க உழவர்களின் மூன்று வழிகள்

உள்நாட்டுப் போர் முடிந்த 1865 முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்க விவசாயி விளைவித்த பருத்தி, கோதுமை, சோளம் ஆகியவற்றின் விலை பெரும்பாலும் இறங்குமுகமாகவே இருந்தது. வாங்கிய கடனின் தொகை மட்டும் குறையவில்லை. இந்நிலையில் அடுத்தடுத்து மூன்று வழிகள் அவர்கள் முன் வைக்கப்பட்டன: மாநிலச் சட்டத்தால் ரயில் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த முயன்ற கிரேஞ்ச், கூட்டுறவால் சந்தையையே மாற்ற முயன்ற உழவர் கூட்டமைப்பு, ஆட்சியைப் பிடிக்க முயன்ற மக்கள் கட்சி. உறுப்பினர் தொகையையோ வென்ற தொகுதிகளையோ வைத்து இவற்றை எடைபோடுவது வழக்கம். விவசாயியின் கழுத்தில் இருந்த சுருக்கு கடன்தான் என்பதால், அந்தச் சுருக்கை எந்த வழி தொட்டது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

கிரேஞ்ச் அமைப்பை 1867 டிசம்பரில் வாஷிங்டன் நகரில் ஆலிவர் ஹட்சன் கெல்லியும் அவருடைய நண்பர்களும் தொடங்கினார்கள். சடங்குகளும் படிநிலைகளும் கொண்ட இரகசியச் சங்கமாகவே அது பிறந்தது. பெண்களை முழு உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது அக்காலத்தில் அரிய செயல். 1873ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பிறகு அது வேகமாக வளர்ந்து, 1875 வாக்கில் 8 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைப் பெற்றது. இல்லினாய், அயோவா, மின்னசோட்டா, விஸ்கான்சின் ஆகிய மாநிலங்களில் ரயில் கட்டணத்துக்கும் தானியக் கிடங்குக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு விதித்த சட்டங்கள், கிரேஞ்சின் நேரடிப் படைப்பு என்று சொல்ல முடியாவிட்டாலும், அதன் பெயராலேயே அறியப்படுகின்றன. சிகாகோ நகரின் பதினான்கு பெரிய தானியக் கிடங்குகள் ஒன்பது நிறுவனங்களின் கையில் இருந்தன; அவை தமக்குள் பேசிக் கட்டணத்தை நிர்ணயித்தன. பொதுநலன் சார்ந்த இத்தகைய தொழிலை மாநிலம் முறைப்படுத்தலாம் என்று சிகாகோ கிடங்கு நிறுவனம் ஒன்று தொடர்பான மன் வழக்கில் 1877இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உழவர் இயக்கம் அமெரிக்கச் சட்டத்துக்கு விட்டுச்சென்ற கொடைகளில் மிகப் பெரியது இதுவே என்பது என் கருத்து.

ஆனால் அந்தக் கொடையின் எல்லை விரைவிலேயே தெரிந்துவிட்டது. இல்லினாய் மாநிலத்தின் கில்மன் ஊரிலிருந்து நியூயார்க்குக்கு நூறு பவுண்டு சரக்கை அனுப்ப வாபாஷ் ரயில் கம்பெனி 25 சென்ட் வாங்கியது. நியூயார்க்கிலிருந்து மேலும் 86 மைல் தள்ளியிருந்த பியோரியாவிலிருந்து அனுப்பினால் 15 சென்ட் மட்டுமே. பியோரியாவில் போட்டிக் கம்பெனிகள் இருந்தன, கில்மனில் இல்லை. கண்கூடான இந்த அநீதியை இல்லினாய் தடுக்கப் போனபோது, மாநில எல்லையைத் தாண்டும் வணிகத்தில் மாநிலம் தலையிடக்கூடாது என்று 1886இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. மறு ஆண்டே மத்திய அரசு மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையத்தை அமைத்தாலும், அதற்குத் தொடக்கத்தில் போதிய அதிகாரம் இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சரக்குக் கட்டணம் குறைந்தால் நிலம் வைத்திருந்த மேற்கத்திய கோதுமை விவசாயிக்குப் பயன் உண்டு. தெற்கில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்கை நில உடைமையாளருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டில், உழுத பருத்தி விவசாயிக்கு அதனால் பெரிதாக எதுவும் மாறவில்லை.

அந்தத் தெற்கு விவசாயியின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போருக்குப் பின் தெற்கில் வங்கிகள் மிகக் குறைவு. விதை, உரம், உப்புக்கண்டம், துணி எல்லாவற்றையும் ஊர் வணிகரிடம் கடனுக்கே வாங்க வேண்டியிருந்தது. ஈடாக, இன்னும் முளைக்காத பயிர் எழுதிக்கொடுக்கப்பட்டது. கடனுக்கு வாங்குபவருக்கு ரொக்க விலையை விடக் கால் பங்கு, பாதிப் பங்கு, சில இடங்களில் அதற்கும் மேல் கூடுதலாக விலை போடப்பட்டது. பருத்தி எடுத்ததும் அந்த வணிகரிடமே கொடுத்தாக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் இலையுதிர் காலத்தில் விலை விழும். கணக்கு முடியாமல் பாக்கி அடுத்த ஆண்டுக்குப் போகும். அந்தப் பாக்கியே அவரை மறுபடியும் அதே கடைக்கு இழுத்துவரும்.

டெக்சாஸ் மாநிலத்தின் லாம்பாசஸ் பகுதியில் 1877 வாக்கில் உருவான உழவர் கூட்டமைப்பு நோயின் இந்த வேரைத்தான் பிடித்தது. அதன் தலைவர் சார்லஸ் மக்யூன் 1887இல் டல்லஸ் நகரில் ஒரு மாநிலக் கூட்டுறவு விற்பனை நிலையத்தை நிறுவினார். உறுப்பினர்களின் பருத்தியை மொத்தமாக விற்பதும், அவர்களுக்கு வேண்டிய பொருள்களை மொத்தமாக வாங்குவதும் அதன் வேலை. நிலம் உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டுப் பத்திரத்தை ஈடாக வைத்து வங்கியில் கடன் பெறுவதே மக்யூனின் திட்டம். ஒருவர் கடனுக்கு ஊரே பொறுப்பேற்கும் அந்த ஏற்பாட்டை வங்கிகள் ஏற்க மறுத்தன. 1888 ஜூன் 9 அன்று டெக்சாஸ் முழுவதும் உழவர்கள் நீதிமன்ற வளாகங்களில் திரண்டு, தங்கள் நிலையத்தைக் காப்பாற்றக் கையிலிருந்த பணத்தைத் திரட்டினார்கள். கடனில் மூழ்கியிருந்தவர்களால் தர முடிந்தது போதவில்லை. 1889இல் நிலையம் மூடப்பட்டது.

தோல்வியிலிருந்து மக்யூன் கண்டடைந்த திட்டத்தை இம்மூன்று வழிகளிலும் தலைசிறந்த சிந்தனையாக நான் மதிக்கிறேன். 1889 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில் அவர் முன்வைத்த துணைக் கருவூலத் திட்டத்தின்படி, மத்திய அரசு விவசாயப் பகுதிகளில் கிடங்குகள் கட்டும். விவசாயி விளைச்சலை அங்கே வைத்து, அதன் மதிப்பில் 80 விழுக்காடு வரை ஆண்டுக்கு 1 விழுக்காடு வட்டியில் அரசுப் பணத்தாளாகவே கடன் பெறுவார். ஓராண்டுக்குள் விலை ஏறும்போது விற்றுக்கொள்வார். வணிகரின் வட்டி, அறுவடைக் கால விலை வீழ்ச்சி, தங்கத்தோடு கட்டுண்ட பணத் தட்டுப்பாடு ஆகிய மூன்றுக்கும் ஒரே ஏற்பாடு விடையளித்தது. கிரேஞ்ச் கேட்ட கட்டண உச்சவரம்பை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

கூட்டமைப்பின் பெருங்குறை நிறவெறி. கறுப்பின உழவர்களை அது சேர்க்கவில்லை. அவர்கள் 1886இல் டெக்சாஸில் தனிக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். 1891இல் நூறு பவுண்டு பருத்தி எடுக்க ஒரு டாலர் கூலி வேண்டுமென்று அந்த அமைப்பின் பெயரால் வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டபோது, கூலி கொடுப்பவர்களாக இருந்த வெள்ளையினக் கூட்டமைப்பினர் எதிர்ப்பக்கம் நின்றார்கள். ஆர்கன்சா மாநிலத்தின் லீ பகுதியில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினத்தவர் பத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கடனை அவ்வளவு கூர்மையாக ஆராய்ந்த இயக்கம், தன் வயலில் வேலை செய்தவரின் கூலியை அதே கண்ணால் பார்க்கவில்லை.

துணைக் கருவூலத் திட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் கிடப்பில் போட்டதால்தான் பலர் மூன்றாவது வழிக்கு வந்தார்கள். 1892 ஜூலை 4 அன்று ஒமாஹா நகரில் கூடிய மக்கள் கட்சி, ரயில்வே அரசுடைமை, ஏறுமுக வருமான வரி (வருமானம் கூடக்கூட விகிதமும் கூடும் வரி), அஞ்சலகச் சேமிப்பு வங்கி, தடையற்ற வெள்ளி நாணயம் (வெள்ளியை வரம்பின்றி நாணயமாக அடித்தல்) ஆகியவற்றோடு துணைக் கருவூலத்தையும் தன் கோரிக்கையில் சேர்த்தது. அதன் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் அவ்வாண்டு அதிபர் தேர்தலில் 10 லட்சத்துக்கும் மேல் வாக்குகளையும் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் 22 பேரின் வாக்குகளையும் பெற்றார். கூட்டுறவால் செய்ய முடியாததைச் சட்டமியற்றும் அதிகாரத்தால் செய்யலாம் என்பதற்கு வட கரோலினா நல்ல சான்று: 1894இல் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து சட்டமன்றத்தைப் பிடித்த மக்கள் கட்சியினர், வட்டிக்கு 6 விழுக்காடு வரம்பு கொண்டுவந்தார்கள்.

ஆயினும் கட்சி வழியில் ஓர் ஆபத்து உண்டு: வாக்கு சேர்ப்பதற்காகக் கோரிக்கை சுருங்கும். 1896இல் ஜனநாயகக் கட்சி தடையற்ற வெள்ளி நாணயத்தை ஏற்று வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்தியதும், மக்கள் கட்சியும் அவரையே தன் வேட்பாளராக்கியது. துணை அதிபர் இடத்துக்கு மட்டும் ஜார்ஜியாவின் டாம் வாட்சனைத் தனியாக நிறுத்தியது. நாணயத்தில் வெள்ளியைக் கூட்டினால் விலை சற்று உயரலாம். ஊர் வணிகரின் கடன் கணக்கு அப்படியே இருக்கும். தெற்கில் ஜனநாயகக் கட்சியின் வாக்கு மோசடியையும் வன்முறையையும் எதிர்த்து நின்ற தொண்டர்களை அதே கட்சியின் வேட்பாளருக்கு வாக்கு கேட்க வைத்தது இந்த முடிவு. பிரையன் தோற்றார், மக்கள் கட்சி மீண்டும் எழவில்லை. இரு இனத்து ஏழைகளும் சேர வேண்டுமென்று 1892இல் மேடைதோறும் பேசிய வாட்சன், பின்னாளில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்க முன்னின்றார். வட கரோலினாவின் கூட்டணி ஆட்சியை 1898இல் வெள்ளையின மேலாதிக்கப் பிரசாரமும் அம்மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் நடந்த கறுப்பினத்தவர் படுகொலையும் முடித்துவைத்தன.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் கூட்டமைப்பின் சிந்தனையையும் வட கரோலினாவில் கட்சி கையாண்ட முறையையும் சேர்த்தே எடுப்பேன். தேசிய அளவில் பிரையனின் பின்னால் போனதை எடுக்க மாட்டேன். மக்யூனின் யோசனை வீணாகிவிடவில்லை. 1933இல் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசு கிடங்கில் வைத்த பருத்திக்குப் பவுண்டுக்கு 10 சென்ட் கடன் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் அதைப் பெறும் இடத்தில் அப்போது இருந்தவர்கள் பெரும்பாலும் நில உடைமையாளர்கள். பருத்திப் பரப்பைக் குறைக்க அதே அரசு தந்த பணத்தையும் அவர்களே பெற்றுக்கொண்டார்கள். வாரத்துக்கு உழுதவர்கள் பலர் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.