தாய்லாந்து, பாலி, மாலத்தீவு: டாலரா, ஏடிஎம்மா, கார்டா? டிப்ஸ் எந்தப் பணத்தில்?

டாலர் கட்டோடு போவதா, ஏடிஎம்மை நம்புவதா, எல்லாவற்றுக்கும் கார்டைத் தேய்ப்பதா? இந்தக் கேள்விக்கு மூன்று ஊரிலும் ஒரே பதில் கிடையாது. எல்லோரும் மாற்று விகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, நீங்கள் நீட்டும் பணத்தை வாங்கிக்கொள்பவரால் அதை எங்கே செலவழிக்க முடியும் என்பதை. டிப்ஸ் விஷயத்தில் இது இன்னும் பொருந்தும்.

ரொக்க டாலர்

டாலர் ராஜாவாக இருப்பது மாலத்தீவில்தான். ரிசார்ட் விலைப்பட்டியலே டாலரில் இருக்கும். ரிசார்ட்டை விட்டு வெளியே வராதவர்கள் உள்ளூர் நாணயமான ருஃபியாவை மாற்றவே வேண்டாம். நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் அதை மாற்ற இடம் கிடைப்பது அரிது. உள்ளூர் தீவுகளில் விருந்தினர் இல்லம் எடுப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் ருஃபியா தேவைப்படும். அங்கும் பல இடங்களில் டாலரை வாங்கிக்கொள்வார்கள். வங்கி விகிதம் ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா, சில கடைகள் 15 என்று முழுசாக்கி, மீதியை ருஃபியாவில் தரும். இழப்பு சொற்பம்.

தாய்லாந்திலும் பாலியிலும் டாலரை மாற்றித்தான் ஆக வேண்டும். 100 டாலர் நோட்டுக்கு நல்ல விகிதம் கிடைக்கும். 1, 5, 10, 20 டாலர் நோட்டுகளுக்குக் குறைவாகத்தான் தருவார்கள். பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் வருகைத் தளத்து வங்கிக் கவுன்ட்டரைத் தாண்டி, விமான நிலைய ரயில் நிற்கும் அடித்தளத்துக்கு இறங்கினால் அங்குள்ள மாற்றுக் கடைகளின் விகிதம் தெளிவாகவே மேல்.

பாலியில் கவனம் வேறு இடத்தில் தேவை. பலகையில் மற்ற எல்லாரையும்விட உயர்ந்த விகிதம் தொங்கினால் அந்தச் சந்துக்கடைக்குள் போகாதீர்கள். டாலருக்கு 16,000 இந்தோனேசிய ரூப்பியா என்று வைத்துக்கொண்டால், 100 டாலருக்கு 16 லட்சம் வர வேண்டும். அது 1,00,000 நோட்டில் 16 தாள். 20,000 நோட்டில் 80 தாள். ஏமாற்றுபவர் சிறு நோட்டுகளாக மேசையில் அடுக்குவார், நீங்கள் எண்ணியதும் ‘ஒரு தடவை சரிபார்க்கிறேன்’ என்று கட்டை வாங்குவார், நாலைந்து தாள் மேசைக்குப் பின்னால் விழும். பெரிய நோட்டாகக் கேளுங்கள். கடைசியாக எண்ணுவது நீங்களாக இருக்க வேண்டும். அதன்பின் கட்டு அவர் கைக்குத் திரும்பக் கூடாது. அனுமதி பெற்ற கடைகளில் ‘பேவேஅ பெரிஸின்’ (PVA Berizin) என்ற பச்சை முத்திரைப் பலகை இருக்கும்.

வெப்பமண்டலத்துக்கே உரிய தொல்லை ஒன்று: இடுப்புப் பையில் வியர்வையில் ஊறிய டாலர் கறை பிடிக்கும், மடிப்பில் நைந்து போகும். இந்தோனேசியாவில் அப்படிப்பட்ட நோட்டைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், மடிக்காமல் வையுங்கள்.

ஏடிஎம்

தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 முதல் 250 பாட் பிடிக்கிறார்கள். 2,000 பாட் எடுத்தால் 220 என்பது 11 சதவீதம். 20,000 எடுத்தால் 1.1 சதவீதம். ஆகவே அங்கே ஏடிஎம் என்றால் ஒரே தடவை, பெரிய தொகை. பாலியில் நிலைமை தலைகீழ்: பல இயந்திரங்கள் தம் பங்குக்குக் கட்டணம் பிடிப்பதில்லை, ஆனால் உச்சவரம்பு இடிக்கும். 50,000 நோட்டு தரும் இயந்திரத்தில் ஒரு முறைக்குப் பெரும்பாலும் 12.5 லட்சம், 1,00,000 நோட்டு தருவதில் 25 லட்சம். எந்த நோட்டு என்பது இயந்திரத்தின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். உங்கள் வங்கி ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் போடுமானால் 1,00,000 இயந்திரத்தைத் தேடுவதே லாபம். சில இயந்திரங்கள் பணத்தை முதலில் தந்து கார்டைப் பிறகுதான் விடும். பணத்தை எடுத்ததும் நடையைக் கட்டுபவர்கள் கார்டைத் தொலைப்பது இப்படித்தான். கார்டு நகல் எடுக்கும் கருவி பொருத்தும் கும்பல்கள் அங்கே உண்டு என்பதால், தெருவோரக் கூண்டைவிட வங்கிக் கிளைக்குள் இருக்கும் இயந்திரம் மேல்.

மாலத்தீவு ஏடிஎம் ருஃபியாதான் தரும். பல ரிசார்ட் தீவுகளில் ஏடிஎம்மே கிடையாது.

கார்டு

அறை வாடகைக்கும் ரிசார்ட் பில்லுக்கும் கார்டை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அறை எடுக்கும்போது ஹோட்டல் பிடித்து வைக்கும் முன்பணத்துக்கு கிரெடிட் கார்டையே நீட்டுங்கள். டெபிட் கார்டிலோ, பணம் ஏற்றிய பயணக் கார்டிலோ பிடித்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும். அறையைக் காலி செய்து பல நாள் கழித்துத்தான் விடுபடும். சிறு கடைகள் கார்டுக்கு 3 சதவீதம் கூடுதலாகக் கேட்பது சகஜம்.

உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டவா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் வங்கி நிர்ணயிக்கிறது. அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. மாலத்தீவில் டாலரையும், மற்ற இரண்டில் பாட், ரூப்பியாவையும் தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். ‘மாற்றத்தை நிராகரி’ என்றால் பணம் வராதோ என்று பயந்து சம்மதிப்பவர்களே அதிகம். நிராகரித்தாலும் பணம் வரும்.

சிங்கப்பூர், மலேசிய வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு நான்காவது வழியும் உண்டு: அங்குள்ள சில வங்கிச் செயலிகளாலேயே தாய்லாந்து, இந்தோனேசியக் கடைகளின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கட்டிவிடலாம்.

அந்த இரண்டு கூட்டல் குறி

விலைக்குப் பக்கத்தில் ‘++’ இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி. சேவைக் கட்டணத்தின் மேலும் வரி ஏறும் என்பதுதான் பலர் தவறவிடும் இடம். விலை 100 என்றால், தாய்லாந்தில் 10 சதவீத சேவை, அதன்மேல் 7 சதவீத வரி: 117.70. பாலியில் பத்தும் பத்தும்: 121. மாலத்தீவில் 10 சதவீத சேவை, அதன்மேல் 2025 ஜூலை முதல் 17 சதவீத சுற்றுலா வரி: 128.70. அதோடு ரிசார்ட்டில் தலைக்கு, நாளுக்கு 12 டாலர் பசுமை வரி. இரண்டு பேர் நான்கு நாள் தங்கினால் 96 டாலர்.

டிப்ஸ்

பில்லில் சேவைக் கட்டணம் இருந்தால் சாப்பாட்டுக்குத் தனி டிப்ஸ் அவசியமில்லை. இல்லாவிட்டால் பாலியில் 5 முதல் 10 சதவீதம் நல்ல அளவு. தாய்லாந்தில் மீதிச் சில்லறையை விட்டுவந்தால் போதும், ஆனால் வெறும் 1 பாட் காசுகளாக வைப்பது அவமதிப்பு போலத் தோன்றும். தெருக்கடையில் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தாய்லாந்தில் பெட்டி தூக்குபவருக்கு 20 பாட், ஒரு மணி நேர மசாஜுக்கு 50 முதல் 100. பாலியில் நாள் முழுக்க ஓட்டிய டிரைவருக்கு 50,000 முதல் 1,00,000 ரூப்பியா. வலது கையால் கொடுங்கள், இடது கை அங்கே மரியாதைக் குறைவு. இந்த இரண்டு இடத்திலும் 1 டாலர் நோட்டைத் திணிப்பது உதவியே அல்ல. மாற்றுக் கடை அதற்கு மோசமான விகிதம் தரும் அல்லது வாங்காது.

மாலத்தீவில் நேரெதிர். அங்கே டாலருக்குத் தட்டுப்பாடு. ரிசார்ட் ஊழியர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டுக்குப் பணம் அனுப்புபவர்கள். அவர்களுக்குக் கையில் வரும் டாலர்தான் வேண்டும். பெட்டிக்கு 1 அல்லது 2 டாலர், அறை ஊழியருக்கு நாளுக்கு 2 முதல் 5. இதற்காக ஊரிலிருந்தே 1, 5 டாலர் நோட்டுகள் ஒரு கட்டு கொண்டுபோங்கள். ரிசார்ட் கவுன்ட்டரில் சில்லறை கிடைக்குமென்று நம்ப வேண்டாம். வெளிநாட்டு நாணயக் காசை எந்த ஊரிலும் டிப்ஸாகத் தராதீர்கள், அதை எந்த மாற்றுக் கடையும் தொடாது.

தினமும் கொடுப்பதா, கடைசி நாளிலா? ரிசார்ட்டில் பெரும்பாலும் ஒரே ஊழியர் உங்கள் அறையைப் பார்ப்பதால் கடைசி நாளில் கையில் கொடுக்கலாம். நகர ஹோட்டலில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். தினமும் தலையணை மேல், ‘நன்றி’ என்று ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு வையுங்கள். சீட்டில்லாத பணத்தை விருந்தினர் மறந்து வைத்தது என்று எண்ணித் தொடமாட்டார்கள்.