அண்டர்டேல்: ஆட்டுத்தாயைக் கொன்றுவிட்டு லோடு போட்டவன் எழுதுவது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முழுக்க இதில் வெளியே வந்துவிடும். விளையாடும் எண்ணம் இருப்பவர்கள் இத்தோடு மூடிவிட்டு, தள்ளுபடி நாளில் வாங்கி விளையாடிவிட்டு வாருங்கள்.

2015 செப்டம்பரில் வந்த கேமுக்கு இப்போது என்ன விமர்சனம் என்றால், என் லேப்டாப்பில் ஓடுகிற கேம் இதுதான். ஆபீசில் கழித்துக்கட்டிய பழைய பெட்டி, கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அண்டர்டேல் அதில் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. டோபி ஃபாக்ஸ் என்பவர் பெரும்பாலும் ஒற்றை ஆளாகச் செய்தது. கதை, இசை எல்லாம் அவரே. ஓவியங்களில் டெமி சாங் உதவியிருக்கிறார். 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற, மக்களிடம் பணம் திரட்டும் தளத்தில் சேர்த்த சுமார் 51,000 டாலர்தான் மூலதனம். பார்க்க நம் காலத்து கேசட் போடும் டிவி கேம் மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மனிதர்களிடம் போரில் தோற்ற பூதங்களைப் பூமிக்கு அடியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு குழந்தை தவறி விழுகிறது. அது வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் கதை. சண்டை வந்தால் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நம் உயிர் சிவப்பு இதயமாக நிற்கும். வருகிற குண்டுகளுக்கெல்லாம் அதை விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நம் முறை வரும்போது நான்கு பொத்தான்: அடி, செயல், பொருள், கருணை. யாரும் சாக வேண்டியதில்லை என்று சொல்லித்தான் இந்த கேமை விற்றார்கள்.

முதலில் வந்தது ஒரு தவளை. பழக்கதோஷம், அடி என்பதை அமுக்கிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் (ஏழாம் வகுப்பு, லீவுக்கு வந்திருந்தாள்), “மாமா, அது உங்கள என்ன பண்ணுச்சு?” என்றாள். சரி என்று செயலுக்குப் போய் அதைப் பாராட்டினேன். தவளைக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பெருமை தாங்கவில்லை. பெயர் மஞ்சளாகிவிட்டது. மஞ்சளானால் விட்டுவிடலாம். அவள் சிரித்த சிரிப்பில் நானும் அன்றைக்கு அகிம்சாவாதி ஆனேன்.

அப்புறம் டோரியல். ஆடு மாதிரி முகம், அம்மா மாதிரி குணம். முள்பாதையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறாள், பலகாரம் செய்து கட்டில் பக்கத்தில் வைக்கிறாள், கேட்டால் நத்தையைப் பற்றிச் சொல்கிறாள். வெளியே போகிறேன் என்றதும் வழியை மறிக்கிறாள். போனவர்கள் எல்லாம் செத்தார்களாம். போவதானால் தன்னை ஜெயித்துவிட்டுப் போ என்கிறாள். பேசிப் பார்த்தேன், பலனில்லை. நாலைந்து முறை கருணையை அமுக்கினேன், அசையவில்லை. சரி, கொஞ்சம் அடித்துத் தளர வைத்துவிட்டு அப்புறம் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எத்தனை கேமில் இப்படித் தளர வைத்து எதிரியைப் பிடித்திருக்கிறோம்! அவள் உயிரைக் காட்டும் பட்டையில் இன்னும் கணிசமாக மீதி இருந்தபோது விழுந்த அடி மொத்தத்தையும் கொண்டுபோய்விட்டது. மண்டியிட்டாள். போய்விட்டாள். அக்கா மகள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சத்தம் போடாமல், முன்பு ‘சேவ்’ பண்ணி வைத்த இடத்தை லோடு பண்ணி, சண்டைக்கு முந்தைய நிலைக்குத் திரும்பினேன். இந்த முறை கருணையைத் தவிர எதையும் தொடவில்லை. இருபது தடவைக்கு மேல் அமுக்கியிருப்பேன். என் உயிர் ஒன்றிரண்டு புள்ளிக்கு இறங்கியதும் அவள் வீசிய நெருப்பு என்னை விட்டு விலகி விலகிப் போனது. என்னைக் கொல்ல அவளுக்கு மனமே இல்லை. முதல் தடவை நான் அடிப்பதில் குறியாக இருந்ததால் இதைப் பார்க்கவேயில்லை.

கடைசியில் கட்டிப்பிடித்து அனுப்பிவைத்தாள். நிம்மதியாகக் கதவைத் தாண்டினால் ஃப்ளோவி என்கிற பேசும் பூ ஒன்று நிற்கிறது. நீ செய்தது எனக்குத் தெரியும், அவளைக் கொன்றாய், மனசு கேட்காமல் திரும்பிப் போனாய் என்கிறது. இத்தனை வருஷத்தில் லோடு பண்ணியதற்காக எந்த கேமும் என்னைக் கேள்வி கேட்டதில்லை.

2007இல் வந்த பயோஷாக் என்ற கேமிலும் இந்தப் பாவ புண்ணியம் உண்டு. சிறுமிகளைக் கொன்றால் உடனே நிறைய சக்தி, காப்பாற்றினால் குறைவு, ஆனால் பிறகு பரிசு வரும். நான் கணக்குப் பிள்ளை; காப்பாற்றுவதில் பெரிய நஷ்டமில்லை என்று அரை மணியில் தெரிந்துவிட்டது. கருணை அங்கே ஃபிக்சட் டெபாசிட். அண்டர்டேலில் கொல்லாவிட்டால் அனுபவப் புள்ளி ஒன்றுகூட ஏறாது. கடைசிவரை உயிர் 20தான், எதிரிகள் மட்டும் பலமாகிக்கொண்டே வருவார்கள். அந்தப் புள்ளிக்கும் ‘லவ்’ என்று திரையில் காட்டுவதற்கும் உண்மையான அர்த்தம் என்ன என்று கடைசியில் சான்ஸ் என்ற எலும்புக்கூடு சொல்லும்: முதலாவது கொலைக் கணக்கு, இரண்டாவது வன்முறையின் அளவு. நாம் என்னமோ அன்பு வளர்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

குறை இல்லாமல் இல்லை. கருணை காட்டுவது பல இடங்களில் விடுகதைக்கு விடை சொல்வது போலத்தான். சரியான செயலைக் கண்டுபிடித்தால் கதவு திறக்கும், அதில் மனசுக்கு வேலையில்லை. (நாயைத் தடவத் தடவக் கழுத்து நீள்வது மட்டும் விதிவிலக்கு. அங்கே எதற்குமே அவசரப்படாதீர்கள்.) ஹாட்லாண்ட் பகுதி இழுவை. அங்கே எரிச்சலில் ஒன்றைக் கொன்றுவிட்டேன். அந்த ஒன்றுக்காக நல்ல முடிவு கைவிட்டுப்போய், முதலிலிருந்து மறுபடி ஆடினேன். பூதங்களின் ராஜா ஆஸ்கோர் சண்டை தொடங்கும்போதே கருணைப் பொத்தானை உடைத்துவிடுகிறான். அத்தனை நேரம் பழக்கிவிட்டு அதைப் பிடுங்கினால் விரலுக்குப் போக இடம் தெரிவதில்லை. இதைக் குறை என்று சொல்வதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

நல்ல முடிவைப் பார்த்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அக்கா மகள் ஊருக்குப் போனபின் எல்லோரையும் கொல்லும் பாதையைத் தொடங்கினேன். கோபமில்லை, என்னதான் நடக்கும் என்று பார்க்கத்தான். அது இத்தனை அலுப்பாக இருக்கும் என்று நினைக்கவில்லை. முதல் பகுதியில் மட்டும் 20 பேர். ஆள் தேடி முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். தீர்ந்ததும் சண்டைத் திரை வரும், ஆனால் யாரும் வரமாட்டார்கள். டோரியல் ஒரே அடி. பனி ஊர் காலியாக இருந்தது. கடையில் ஆளில்லை, எடுப்பதெல்லாம் இலவசம். ஒரு சீட்டு மட்டும் கிடந்தது: தயவுசெய்து என் குடும்பத்தை ஒன்றும் செய்துவிடாதீர்கள்.

ஊர் எல்லையில் பபைரஸ் என்ற இன்னொரு எலும்புக்கூடு. போன ஆட்டத்தில் எனக்கு ஸ்பகெட்டி சமைத்துத் தந்தவன். நீ திருந்துவாய் என்று நம்புகிறேன் என்று கையை விரித்து நிற்கிறான். நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மிச்சத்தை யூடியூபில் யாரோ ஆடியதைப் பார்த்தேன். முக்கால்வாசி தாண்டியதும் அந்தப் பூ வந்து, தானாகச் செய்யத் தைரியமில்லாமல் அடுத்தவன் செய்வதை வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றிப் பேசுகிறது. அப்படி ஒரு ஆள் இப்போதும் பார்த்துக்கொண்டிருப்பான், இல்லையா என்கிறது. ராத்திரி ஒரு மணி. ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

அரையாண்டு லீவுக்கு அக்கா மகள் வருகிறாளாம். வந்ததும் கேட்கப்போவது லேப்டாப்பைத்தான். பபைரஸ் இன்னும் கையை விரித்தபடி அந்த சேவில் நிற்கிறான். அதற்குள் ரீசெட் பண்ண வேண்டும்.