கார்க்கா, ரப்பரா, பேஸ்ட்டா? பழைய அம்பாசடரின் டேப்பட் கவர் ஒழுகல்

கானாடுகாத்தான் வீட்டில் கார் நிற்கும் போர்டிகோவிலும் ஐயா ஆத்தங்குடிக் கல்லைப் பதித்துவிட்டுப் போய்விட்டார். சிமென்ட் கல், எண்ணெயை அப்படியே குடித்துவிடும். அவருடைய அம்பாசடர் ஒரே இரவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை போட்டபோது அப்பத்தா கேட்டது ஒன்றுதான்: "காரா, கல்லா? ஒன்றைச் சொல்லிவிடு."

முதலில் பார்த்த மெக்கானிக், என்ஜினின் அடியில் சுழலும் தண்டான கிராங்கின் பின்பக்கம் ஒழுகுகிறது, என்ஜினை இறக்க வேண்டும் என்றார். 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் அந்த இடம் சொட்டுவது வழக்கம்தான் என்பதால் நானும் நம்பியிருப்பேன். அதற்குமுன் என்ஜினை மண்ணெண்ணெயால் துடைத்து, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிக் காரைக்குடி வரை ஓட்டிவிட்டு வந்தேன். என்ஜினின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் டேப்பட் கவரின் பின் மூலையில் பவுடர் கறுத்திருந்தது. அங்கிருந்து ஒரு கோடு கியர்பாக்ஸ் பக்கம் இறங்கியிருந்தது. மேலே ஒழுகியதுதான் கீழே சொட்டியிருக்கிறது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. கவருக்கும் என்ஜினுக்கும் இடையில் வைக்கும் பேக்கிங்கில் கார்க்தான் இந்த என்ஜினுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். கவர் தகரத்தில் அழுத்திச் செய்தது. அதன் விளிம்பில் உள்ள சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்குக் கார்க் வளைந்துகொடுக்கும். நம் ஊர் வெயிலில் கடை ஆணியில் மாதக்கணக்காகத் தொங்கினால் மட்டும் காய்ந்து சுருங்கிவிடுகிறது. அளவு குறைகிறதே என்று இழுத்துப் பிய்க்க வேண்டாம். வெந்நீரில் சிறிது நேரம் ஊறவிட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். கவர் பக்கம் மட்டும் ஒட்டி, கவர் உட்காரும் ஹெட் பக்கத்தை ஒட்டாமல் விட்டால் அடுத்த முறை கவரைக் கழற்றி வால்வு இடைவெளி பார்க்கும்போது கிழியாது.

ரப்பர் கார்க்கைப் போலக் காய்ந்து சுருங்காது, பலமுறை கழற்றி மாட்டலாம். ஆனால் விளிம்பு நேராக இருக்க வேண்டும். எங்கள் கவர் அப்படி இல்லை. "ஒழுகுகிறதா, இன்னும் ஒரு சுற்று" என்று எத்தனையோ கைகள் நடு நட்டுகள் இரண்டையும் முறுக்கியிருக்கின்றன. நடுவில் முறுக்க முறுக்கத் தகரம் குழிந்து ஓரம் மேலே எழும்பும். ஒழுகல் கூடும், மறுபடியும் ஒரு சுற்று! வளைந்த ஓரத்தை மரக்கட்டையில் வைத்துத் தட்டி நிமிர்த்தத்தான் அரை நாள் ஆனது. நட்டின் கீழே இருந்த ரப்பர் வாஷர்கள் கல்லாகிப் போயிருந்தன, அவற்றையும் மாற்றினேன்.

பேக்கிங்கே இல்லாமல் சிலிக்கான் பேஸ்ட்டை மட்டும் பிதுக்கி மூடுவதை நான் ஏற்கமாட்டேன். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் அது பிடிக்காது. உள்பக்கம் பிதுங்கியது நூல் நூலாக அறுந்து, வால்வை இயக்கும் புஷ்ராட் கம்பிகளின் துளை வழியே அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்கு இறங்கி எண்ணெய் வடிகட்டியை அடைக்கும். சொட்டை நிறுத்தப்போய், எண்ணெய் கிடைக்காமல் பேரிங்கை இழக்கும் வேலை.

மேலே கார்க் என்றால் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு டேப்பட் மூடிகளுக்கு ரப்பர்தான் என் தேர்வு. ஹெட்டோடு சேரும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டின் அடியில் ஒளிந்திருக்கும் அவற்றை இன்னொரு முறை திறக்க யாருக்கும் பொறுமை இராது. ஒவ்வொன்றுக்கும் ஒரே போல்ட். இரண்டு விரலால் ஸ்பேனரைப் பிடித்து இறுக்கினால் போதும்.

எதைப் போட்டாலும், என்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் வீண். உள்ளே சேரும் காற்றழுத்தம் எந்தப் பேக்கிங்கையும் தள்ளிக்கொண்டு எண்ணெயை வெளியேற்றும். எங்கள் குழாயிலிருந்து தார் போன்ற அழுக்கைக் கம்பி விட்டுச் சுரண்டி எடுத்தேன். புகைபோக்கியில் நீலப் புகை வருவது வேறு கதை. அது வால்வு சீல், வால்வு கைடு அல்லது பிஸ்டன் ரிங் தேய்மானமாக இருக்கும். அதற்குக் கவர் பேக்கிங்கைக் குறைசொல்லிப் பயனில்லை.

கவர் பக்கம் இப்போது காய்ந்திருக்கிறது. கிராங்கின் பின்பக்கம் மட்டும் எப்போதாவது ஒரு சொட்டு விடுகிறது. அதற்கு என்ஜினை இறக்குவதாக இல்லை. காருக்கடியில் ஓர் அட்டையைப் போட்டிருக்கிறேன். அட்டை நகர்ந்திருக்கிறதா என்று அப்பத்தா தினமும் காலையில் பார்த்துவிடுகிறார்.